முன்னுருவில் கை வைக்கலாமா?

மூன்றாமாண்டு மாணவன், கணினி அறிவியல் துறை

ஆண்டு மலருக்குக் கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன என்று அறிவிப்புப் பலகையில் கண்டபொழுது, எங்கள் துறையிலிருந்து ஆண்டுதோறும் தவறாமல் வருகின்ற ‘கணினியும் மனித வாழ்வும்’ என்னும் கட்டுரையை இம்முறையும் யாரேனும் ஒருவர் எழுதியே தீருவார் என்று எண்ணிக்கொண்டேன். அதனை எழுத நான் வரவில்லை. என் கையால் நான் செய்த ஒரு பிழையையும், அதிலிருந்து எனக்குப் பிறந்த ஒரு கருத்தையும் சொல்லவே வந்தேன். அது ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியைப் பற்றியது. பிற துறை நண்பர்கள் உடனே பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நடுவில் தமிழ்த் துறையும் வருகிறது. விடுதிச் சாம்பாரும் வருகிறது.

சென்ற ஆண்டு நம் கல்லூரிக் கண்காட்சிக்கு இரண்டு வாரம் முன்பு தமிழ்த் துறைப் பேராசிரியர் ஒருவர் எங்கள் ஆய்வகத்திற்கு வந்தார். “ஒரு சொல்லைத் தட்டினால் அதில் எத்தனை எழுத்து என்று சொல்லுகிற பக்கம் ஒன்று செய்ய முடியுமா, தம்பி?” என்று கேட்டார். “ஐந்து நிமிட வேலை ஐயா” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் செய்து பார்த்தேன். ‘தமிழ்’ என்னும் சொல்லைக் கொடுத்து அதன் நீளம் என்ன என்று ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் ஐந்து என்கிறது. தகரம் ஒன்று, மகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று, ழகரம் ஒன்று, புள்ளி ஒன்று, ஆக ஐந்து! யூனிகோடு முறையில் குறிகளுக்கும் தனி எண் உண்டு. அதனால் அது அப்படி எண்ணுகிறது. இந்த விடையைக் கொண்டுபோய்த் தமிழ்ப் பேராசிரியரிடம் நீட்டியிருந்தால் கண்காட்சிக்கு முன்பே என் கதை முடிந்திருக்கும்.

எனவே உயிர்க்குறிகளையும் புள்ளியையும் விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எண்ணும் செயற்கூறு ஒன்றை எழுதினேன். ‘தமிழ்’ மூன்றாயிற்று. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு ஓர் ஆசை வந்தது. செயற்கூறிடம் சொல்லைக் கொண்டுபோய்க் கொடுப்பதைவிட, சொல்லே தன் எழுத்துகளை எண்ணிச் சொன்னால் எவ்வளவு அழகு! ஜாவாஸ்கிரிப்ட் அதற்கு இடம் தருகிறது. சரங்கள் அனைத்திற்கும் பொதுவாக ஒரு முன்னுரு இருக்கிறது. ஆங்கிலத்தில் புரோட்டோடைப் என்பார்கள். நான் முன்னுரு என்றே எழுதிச் செல்கிறேன். அதில் ஒரே ஒரு வரியில் ‘எழுத்தெண்’ என்று என் செயற்கூறினைச் சேர்த்துவிட்டேன். ஆம், தமிழிலேயே பெயர் வைக்கலாம். இந்த மொழி அதனை ஏற்றுக்கொள்கிறது. பேராசிரியரிடம் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் துணிச்சலில், அணிகளின் முன்னுருவிலும் ‘கூட்டு’ என்று இன்னொன்றைச் சேர்த்து வைத்தேன்.

முன்னுரு என்றால் என்ன என்பதைச் சற்று விளக்காமல் மேலே செல்ல இயலாது. ஒரு வீட்டில் பேரனிடம் போய் அரிவாள்மனை கேட்கிறோம். அவனிடம் இல்லை. அவன் உள்ளே போய் அப்பாவைக் கேட்கிறான். அவரிடமும் இல்லை. அவர் தாத்தாவைக் கேட்கிறார். தாத்தா எடுத்துக் கொடுத்தால் அது பேரன் கொடுத்ததாகவே நம் கைக்கு வந்து சேருகிறது. தாத்தாவிடமும் இல்லையென்றால்தான் ‘இல்லை’ என்ற விடை. ஜாவாஸ்கிரிப்டில் ஒவ்வொரு பொருளும் இப்படித்தான் தன்னிடம் இல்லாத பண்பினைத் தன் முன்னுருவிடம் கேட்கிறது. அது தன் முன்னுருவிடம் கேட்கிறது. இச்சங்கிலியின் மேல் முனையில் பொருள்களுக்கெல்லாம் பாட்டனாக ஒரே ஒரு முன்னுரு நிற்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஜாவாவில் நாம் படிக்கின்ற இனக்குழு அச்சு போன்றது. அச்சில் வார்த்தெடுத்த பிறகு செங்கலுக்குப் புதிதாக ஒரு திறமை வந்துவிடாது. முன்னுரு அப்படியன்று, அது உயிரோடு இருக்கிறது. பேரன் பிறந்து இருபது ஆண்டு கழித்துத் தாத்தா நீச்சல் கற்றுக்கொண்டால், அந்த நொடி முதல் பேரனுக்கும் நீச்சல் தெரியும்! நான் ‘எழுத்தெண்’ணைச் சேர்த்தபொழுது, அதற்கு முன்பே அந்தப் பக்கத்தில் இருந்த சரங்கள், இனிமேல் வரப்போகும் சரங்கள், என் நண்பன் எழுதிய சரங்கள், எவரோ எழுதி நாங்கள் இறக்கிக்கொண்ட நூலகத்தின் சரங்கள் ஆகிய எல்லாவற்றிற்கும் சேர்த்துத்தான் சேர்த்தேன். அவர்களிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கண்காட்சி நாள் வந்தது. அதே பக்கத்தில் வினாடி வினாப் பகுதியை என் வகுப்புத் தோழன் எழுதியிருந்தான். மூன்று சுற்று மதிப்பெண்கள் 8, 7, 9 என்றால், மொத்தம் 24 என்று வர வேண்டும். 24 வந்தது. ஆனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு நீண்ட வாசகமும் வந்தது. உற்றுப் பார்த்தால் அது நான் எழுதிய ‘கூட்டு’ என்னும் செயற்கூறின் நிரல், முழுவதும், அடைப்புக்குறிகளோடு! “என்னடா இது, மொத்தம் என்று போட்ட இடத்தில் உன் ரெக்கார்டு நோட்டே நிற்கிறது?” என்றான் தோழன்.

நடந்தது இதுதான். ஒரு பொருளில் உள்ள பண்புகளை ஒவ்வொன்றாக எடுத்துவரும் ‘ஃபார்-இன்’ என்னும் மடக்கினை அவன் பயன்படுத்தியிருந்தான். அம்மடக்கு பொருளின் சொந்தப் பண்புகளோடு நிற்பதில்லை. முன்னுருவிலிருந்து வருகிறவற்றையும் எடுத்துவரும். 8, 7, 9 மூன்றையும் கூட்டிய பிறகு நான்காவதாக என் ‘கூட்டு’ வந்து நின்றது. எண்ணோடு செயற்கூறினைக் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் கோபித்துக்கொள்ளாது. இரண்டையும் எழுத்தாக மாற்றி ஒட்டிக் கொடுத்துவிடும். பிழை என்று அது கத்தியிருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்போம்.

அணிக்கு அந்த மடக்கைப் பயன்படுத்தியது உன் குற்றம் என்று நான் வாதாடினேன். அதில் உண்மையும் இல்லாமல் இல்லை. ஆனால் அவனுடைய நிரல் ஒரு மாதமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. நான் வந்த பிறகுதான் கெட்டது. அதற்கு என்னிடம் விடை இல்லை.

மதியம் இன்னொன்று நிகழ்ந்தது. தமிழ்ப் பேராசிரியர் வந்து நின்றார். “தம்பி, காலையில் ‘பக்ஷி’ மூன்று எழுத்து என்றது உங்கள் கணினி. இப்பொழுது இரண்டு என்கிறதே?” விசாரித்தால், என்னுடைய ‘எழுத்தெண்’ பிடித்துப்போய்த் தோழனும் தன் கோப்பில் அதே பெயரில் ஒன்று எழுதி, அதே முன்னுருவில் மாட்டியிருக்கிறான். அவன் கணக்கில் க்ஷ ஓர் எழுத்து. என் கணக்கில் ககர மெய்யும் ஷகரமும் ஆக இரண்டு. எது சரி என்பது தமிழ்த் துறையின் வழக்கு. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் ஒரே பெயரில் இரண்டு பேர் முன்னுருவில் எழுதினால் கடைசியில் ஏறிய கோப்புதான் வெல்லும். இடைவேளையில் யாரோ இரண்டு கோப்புகளின் வரிசையை மாற்றியிருக்கிறார்கள், இலக்கணமும் மாறிவிட்டது.

இது ஏதோ அனுபவமில்லாத மாணவர்களின் விளையாட்டு என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு படிக்கப் படிக்க, பெரியவர்களும் இதே கிணற்றில் விழுந்திருக்கிறார்கள் என்று தெரிந்து ஓரளவு ஆறுதல் அடைந்தேன்.

ஜாவாஸ்கிரிப்ட் 1995-ஆம் ஆண்டு மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் முதல் வடிவத்தை உருவாக்கிய மொழி. பார்வைக்கு ஜாவாவைப் போல இருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விருப்பம். ஆனால் உள்ளுக்குள் அவர் வைத்தது வேறு சரக்கு. டேவிட் உங்கர், ராண்டால் ஸ்மித் ஆகிய இருவரும் வடிவமைத்து 1987-இல் கட்டுரையாக வெளியிட்ட ‘செல்ஃப்’ என்னும் மொழியிலிருந்துதான் முன்னுருக் கருத்தினை அவர் எடுத்துக்கொண்டார். இனக்குழு என்ற ஒன்றே வேண்டாம், பொருளைப் பார்த்துப் பொருள் செய்வோம் என்பது அம்மொழியின் கொள்கை. எளிமையான கொள்கை, எனக்கு மிகவும் பிடித்த கொள்கையும்கூட.

2005-இல் சாம் ஸ்டீபன்சன் என்பவர் வெளியிட்ட ஒரு நூலகத்தின் பெயரே ‘புரோட்டோடைப்’. அணிகள், சரங்கள், பக்கத்தின் உறுப்புகள் என எல்லாவற்றின் முன்னுருவிலும் அது புதிய செயற்கூறுகளைச் சேர்த்தது. அதன் பின் வந்த ‘மூடூல்ஸ்’ நூலகமும் அவ்வாறே செய்தது. அன்று உலாவிகளில் வசதிகள் குறைவு; இந்நூலகங்கள் வந்தபொழுது நிரலர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. இவற்றால் நன்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். புரோட்டோடைப் நூலகம் செயற்கூறுகளுக்குச் சேர்த்திருந்த ‘பைண்ட்’ என்னும் வசதி 2009-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் மொழியின் பகுதியாகவே இடம்பெற்றது. இன்று நாம் தரையில் நடப்பதுபோல் பயன்படுத்தும் பலவும் அன்று யாரோ முன்னுருவில் துணிந்து கை வைத்துப் பார்த்தவைதாம்.

ஆனால் விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. உலகெங்கும் இலட்சக்கணக்கான பக்கங்கள் இந்நூலகங்களைச் சேர்த்துக்கொண்டு அப்படியே ஆண்டுக்கணக்கில் நின்றுவிட்டன. எழுதியவர்கள் வேலை மாறிப் போய்விட்டார்கள். பக்கங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்நிலையில் அடுக்கடுக்கான அணியை ஒரே தட்டையான அணியாக்கும் செயற்கூறு ஒன்றினை மொழியில் சேர்க்க எண்ணினார்கள். அதற்கு ‘ஃபிளாட்டன்’ என்று பெயரும் வைத்தார்கள். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் சோதனைப் பதிப்பில் அதனைச் சேர்த்தவுடன் வானிலை காட்டும் பக்கம் ஒன்று உடைந்துபோயிற்று.

காரணம் மிக நுட்பமானது. நுட்பம் என்பதாலேயே எனக்குப் பிடித்தது. மூடூல்ஸ் தன்னுடைய ‘ஃபிளாட்ட’னை அணியின் முன்னுருவில் எழுதும், பிறகு அம்முன்னுருவில் உள்ளவற்றை என் தோழன் பயன்படுத்திய அதே மடக்கினால் எடுத்துத் தன் சொந்த உறுப்புத் தொகுப்பின் முன்னுருவிற்குப் படியெடுத்துக்கொள்ளும். மொழியோடு பிறந்த செயற்கூறுகள் அம்மடக்கின் கண்ணுக்குத் தெரியாதவை. அப்படித் தெரியாத பெயர் ஒன்று ஏற்கெனவே இருக்கும் இடத்தில் நாம் புதிய மதிப்பை எழுதினாலும் அந்தத் தெரியாத்தன்மை அப்படியே நீடிக்கும். ஆகவே மூடூல்ஸ் எழுதிய செயற்கூறு மடக்கில் அகப்படவில்லை, படியெடுக்கப்படவில்லை, பக்கம் விழுந்தது. என் ‘கூட்டு’ வேண்டாத இடத்தில் வந்து நின்று கெடுத்தது. இங்கே வேண்டிய இடத்தில் வராமல் கெடுத்தது.

அப்புறம் நடந்த கூத்து தனிக் கதை. பெயரை ‘ஸ்மூஷ்’ என்று மாற்றிவிடலாம் என ஒருவர் பாதி வேடிக்கையாக முன்மொழிய, உலகம் முழுவதும் நிரலர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டையிட்டார்கள். ‘பழைய பக்கங்கள் உடைந்தால் உடையட்டும், நல்ல பெயர்தான் முக்கியம்’ என்றது ஒரு கட்சி. இறுதியில் அதே ஆண்டு மே மாதம் ‘ஃபிளாட்’ என்று பெயர் சுருக்கப்பட்டு, 2019-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்தது. இது முதல் முறையும் அன்று. ஒன்றினுள் இன்னொன்று இருக்கிறதா என்று பார்க்கும் செயற்கூறுக்குக் ‘கன்டெய்ன்ஸ்’ என்று வைக்க நினைத்த பெயர், அதே மூடூல்ஸ் காரணமாக ‘இன்க்ளூட்ஸ்’ ஆயிற்று. அணியை வகைவகையாகப் பிரிக்கும் செயற்கூறோ அணியின் முன்னுருவில் குடியேறவே முடியாமல் வேறு இடம் தேடிப் போய், 2024-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்து சேர்ந்தது.

பழைய பக்கங்கள் உடையட்டும் என்ற கட்சியில் நான் சேரமாட்டேன். உடைகின்ற பக்கத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் நிரலர் அல்லர். அவர் நாளைக்கு மழை வருமா என்று பார்க்க வந்தவர். அவருக்கு மூடூல்ஸ் தெரியாது, முன்னுரு தெரியாது. குழு செய்ததே சரி என்பது என் கருத்து. ஆனால் அதே காரணத்தினால்தான், அந்நூலகங்கள் தொடக்கத்தில் செய்தது சரியன்று என்றும் சொல்கிறேன். ஒன்றை ஒப்புக்கொண்டால் மற்றொன்றையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

விடுதியில் உண்ணும் நண்பர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. என் தட்டில் நான் எவ்வளவு உப்பு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்; ஊறுகாயைச் சோற்றில் பிசைந்து சிவப்பாக்கிக்கொள்ளலாம். சமையற்கூடத்திற்குள் போய்ச் சாம்பார் அண்டாவில் ஒரு கை உப்பு அள்ளிப் போட்டால் அன்றைக்கு நூறு பேர் என்னைத் தேடி வருவார்கள். நானாகவே ஒரு பொருள் செய்து அதற்கு நானே ஒரு முன்னுரு செய்து அதில் நூறு செயற்கூறு சேர்த்தாலும் அது என் தட்டு. அணி, சரம், பொருள் ஆகியவற்றின் முன்னுருக்கள் அண்டா.

அண்டாவின் மூடி திறந்திருப்பதால் வரும் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. வெளியிலிருந்து வரும் தரவினைத் தன் பொருளோடு கலந்துகொள்ளும் நிரல்கள் பல. முன்னுருவைச் சுட்டும் சிறப்புப் பெயர் ஒன்று இருக்கிறது: இரண்டு அடிக்கோடு, புரோட்டோ, மறுபடி இரண்டு அடிக்கோடு. இந்தப் பெயரைத் தீய எண்ணம் உள்ளவன் தன் தரவுக்குள் வைத்து அனுப்பினால், கவனமில்லாத நிரல் அதனைச் சாதாரணப் பெயர் என்று கருதிக் கலக்கப் போய், பொருள்களுக்கெல்லாம் பாட்டனான முன்னுருவிலேயே எழுதிவிடும். ‘இவர் நிருவாகி, ஆம்’ என்று அங்கே எழுதப்பட்டுவிட்டால், அப்பண்பு தன்னிடம் இல்லாத ஒவ்வொருவரும் பாட்டனைக் கேட்டு நிருவாகி ஆகிவிடுவர்! உலகெங்கும் பயன்படும் ‘லோடாஷ்’ நூலகத்திலேயே இவ்வகை ஓட்டை ஒன்று 2019-இல் கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்பட்டது. நான் நல்லெண்ணத்தோடு செய்ததை இன்னொருவன் கெட்ட எண்ணத்தோடு செய்கிறான், வாசல் ஒன்றுதான்.

‘அப்படியானால் முன்னுருவை விரிவாக்குவதே கூடாதா?’ என்று முதலாமாண்டுத் தம்பி ஒருவன் என்னைக் கேட்டான். ஓர் இடத்தில் ஒப்புக்கொள்கிறேன். மொழியில் முறைப்படி சேர்ந்துவிட்ட செயற்கூறு ஒன்று பழைய உலாவியில் இல்லையென்றால், இல்லை என்று உறுதி செய்துகொண்டு, விதியில் சொல்லியிருக்கிறபடியே அதனை எழுதிச் சேர்க்கலாம். அது புதிய உப்பு அன்று, சமையற்காரர் போட மறந்ததைப் போடுவது. இன்னும் மொழியில் சேராத ஒன்றை, ‘நாளை சேர்ந்துவிடும்’ என்று நம்பி அதே பெயரில் இன்றே சேர்ப்பதுதான் மூடூல்ஸ் கதையில் போய் முடியும். மடக்கின் கண்ணுக்குத் தெரியாதபடி பண்பினைச் சேர்க்கும் வழியும் 2009 முதல் இருக்கிறது. அதை அறிந்திருந்தால் என் தோழனின் மொத்தம் கெட்டிருக்காது. ஆனால் ‘பக்ஷி’ச் சண்டை அப்படியேதான் இருந்திருக்கும்.

நம் பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பமும் உண்டு. கடுமையாகத் தோன்றினால் பொறுத்தருள வேண்டும். 2015-இல் ஆறாம் பதிப்பு வந்ததிலிருந்து ஜாவாஸ்கிரிப்டிலும் ‘கிளாஸ்’ என்ற சொல் இருக்கிறது. ஆகவே வகுப்பில் அதனை எழுதிக் காட்டி, ‘ஜாவாவில் படித்ததேதான், இதுவும் அதுவும் ஒன்று’ என்று சொல்லி அடுத்த பாடத்திற்குப் போய்விடுகிறோம். நேரம் குறைவு, பாடத்திட்டம் பெரிது என்பதை நான் அறிவேன். ஆனால் அந்தச் சொல் ஒரு போர்வை. உள்ளே படுத்திருப்பது பழைய முன்னுருதான். போர்வையை மட்டும் பார்த்துத் தேர்வெழுதுகிறவன் மதிப்பெண் பெறுவான். 24-க்குப் பின்னால் ஏன் ஒரு கட்டுரை தொங்குகிறது என்று அவனால் சொல்ல முடியாது. நேர்முகத் தேர்வுக்குச் சென்றுவந்த மூத்த மாணவர் ஒருவர், ‘கிளாஸ் என்று எழுதினேன், அதைக் கிளாஸ் இல்லாமல் எழுதிக் காட்டு என்றார்கள், விழித்தேன்’ என்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஒரே ஒரு பாடவேளை போதும். வெறும் பொருள் ஒன்றைச் செய்து, அதனை முன்னுருவாகக் கொண்டு இன்னொன்றைச் செய்து, முதலாவதில் ஒரு பண்பைப் பிறகு சேர்த்து, அது இரண்டாவதில் தெரிவதைக் கரும்பலகையில் காட்டுங்கள். இனக்குழுவை அதன் பிறகு சொல்லுங்கள். கைப்பேசியில் உள்ள உலாவியே போதும் என்பதால், வீட்டில் கணினி இல்லாதவர்களும் அன்றிரவே செய்து பார்க்கலாம். நம்மில் பாதிப்பேருக்கு மேல் அப்படிப்பட்டவர்கள்தாம்.

எழுத்தெண்ணும் பக்கம் இன்னும் ஆய்வகத்துக் கணினியில் இருக்கிறது. முன்னுருவிலிருந்து என் இரண்டு செயற்கூறுகளையும் எடுத்துவிட்டேன். ‘கூட்டு’ தேவைப்படவே இல்லை. தோழனும் மடக்கை மாற்றிக்கொண்டான். எழுத்தெண்ணுவதற்கு இப்பொழுது இரண்டு சாதாரணச் செயற்கூறுகள் தனித்தனிப் பெயரில் இருக்கின்றன: ஒன்று க்ஷவை இரண்டாக எண்ணும், மற்றது ஒன்றாக எண்ணும். பக்கத்தின் மேலே ஒரு பொத்தான் வைத்து, எந்தக் கணக்கு வேண்டும் என்று பார்ப்பவரையே கேட்டுவிட்டோம். பேராசிரியர் வந்து பார்த்தார். இரண்டையும் மாறி மாறி அழுத்தினார். “ஸ்ரீயை என்ன செய்திருக்கிறீர்கள், தம்பி?” என்றார். அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.